காண்ட்ராக்டர் வேலையைச் சொதப்பினால் சட்டம் என்ன தருகிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா இருக்கும் வீட்டின் மொட்டை மாடிக்குப் போன வருடம் தட்டோடு பதித்தோம். மெட்டீரியலோடு சேர்த்து 1,10,000 ரூபாய் என்று பேச்சு. எழுதி வாங்கியது எதுவும் இல்லை. காண்ட்ராக்டர் கேட்கக் கேட்கப் பணம் கொடுத்து, அம்மா அதைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தார். ஐப்பசி மழை ரெண்டு நாள் பிடித்ததும் சாமி ரூம் சுவரில் ஓதம் இறங்கிவிட்டது. போன் போட்டால், "அடுத்த வாரம் ஆள் அனுப்பறனுங்க" என்ற ஒரே பதில்தான்.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஊரில் பெரும்பாலும் திட்டிவிட்டு வேறு மேஸ்திரியைப் பார்ப்போம். ஆனால் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'சேவை' என்பதற்குள் வீடு கட்டும் பணியைப் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காசு கொடுத்தோ, கொடுப்பதாகச் சொல்லியோ ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தால் நீங்கள் நுகர்வோர். அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தாலும் நுகர்வோர்தான். ஒப்புக்கொண்ட தரத்தில் வேலை இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மொத்தமாகப் பேசி வேலையை விட்டால் சரி. நாள் கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே நின்று 'இங்கே பூசு, அங்கே பூசு' என்று வேலை வாங்கினால், சட்டம் அதைத் தனிப்பட்ட ஊழியம் என்று விலக்கிவிட வாய்ப்பு உண்டு. தறிக்குடோனுக்குக் கூரை மாற்றியவருக்கும் சிக்கல்தான், எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது 'இது வணிக நோக்கத்துக்கான வேலை, அதனால் நீங்கள் நுகர்வோர் இல்லை' என்ற வாதமாக இருக்கும். சுயதொழில் செய்கிறவர்களுக்கான விலக்கு சட்டத்தில் பொருள் வாங்கியவரைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது, வேலை கொடுத்தவரைக் குறித்து இல்லை. அதனால் குடோன் விஷயம் என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது பில்டரிடம் ஃபிளாட்டோ மனையோ வாங்கியவர்களுக்கு. கட்டுமானக் குறைகளுக்கு 5 வருடப் பொறுப்பு என்பதும் அங்கேதான். நம் சொந்த இடத்தில் காண்ட்ராக்டர் செய்த மராமத்துக்கு அது பொருந்தாது.

சரி, எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயே முடியும், அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம். காண்ட்ராக்டர் சேலத்துக்காரர், நீங்கள் பவானி என்றால் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது ஈரோட்டில். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குக்கு முன்னால் பேசித் தீர்க்கப் பார்க்கிறவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம்.

கெடு 2 வருடம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 'அடுத்த வாரம்' என்பதை நம்பி ஒரு ஆடி, மறு ஆடி என்று ரெண்டு வருடம் ஓடிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

இன்னொரு தப்பையும் நிறையப் பேர் செய்கிறார்கள். கோபத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டு உடனே உடைத்துச் சரி செய்துவிடுகிறார்கள். அதோடு சாட்சியும் போய்விடும். உடைப்பதற்கு முன்னால் போட்டோ, வீடியோ எடுங்கள். ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து, என்ன குறை, சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஆணையம் சேதத்தைக் கணக்குப் போட அந்த எஸ்டிமேட் ரொம்ப உதவும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஜிபே, வங்கிக் கணக்கு வழியாகப் போன பணத்துக்கு அத்தாட்சி தன்னாலேயே இருக்கும், கையில் கொடுத்ததற்குத்தான் திண்டாட்டம். கேட்டும் பில் தராவிட்டால், முறையற்ற வணிக நடைமுறை என்ற கணக்கில் அதையும் புகாரில் சேர்க்கலாம்.

வேலை தொடங்கும் முன்பு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டாலே பாதித் தொல்லை இருக்காது. 'நல்ல சிமெண்ட்' என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது, கம்பெனி பெயரும் வகையும் வேண்டும். வாட்டர்ப்ரூஃப் கெமிக்கலின் பெயர், எத்தனை கோட், எத்தனை சதுரம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எத்தனை வருடம் பொறுப்பு என்று எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தவணை ஒரு மழை பார்த்த பிறகு என்று எழுதச் சம்மதிக்கிற காண்ட்ராக்டர், என் கணக்கில், நம்பகமானவர்.

ஆணையம் வேலையைச் சரிசெய்யச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் வழக்குச் செலவும் போடலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள்தான். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, கட்டச் சொன்ன தொகையில் பாதியை அவர் முதலில் கட்ட வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

எங்கள் விஷயத்தில் வழக்கு வரை போகவில்லை. அம்மாவின் காலண்டர் தாள்களை நகல் எடுத்து, இன்ஜினியர் எழுதியதையும் சேர்த்து, பதினைந்து நாளில் சரி செய்யாவிட்டால் ஈரோடு ஆணையத்துக்குப் போவோம் என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஆள் வந்து, கைப்பிடிச் சுவர் ஓரம் ரெண்டடிக்குத் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்கள். பாக்கி 12,000 ரூபாயை அடுத்த மழை பார்த்துவிட்டுத்தான் அம்மா கொடுத்தார். அதையும் காலண்டர் தாளில்தான் எழுதினார், இந்தத் தடவை காண்ட்ராக்டரிடம் கையெழுத்தோடு.