40 வீட்டு லயத்தில் 43 வீடு எங்கிருந்து வந்தது?

நேற்றிரவு படிவம் 4 பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினேன். ஆறு நோட்டில் ஒரே விடை: 43/40. கீழே இரட்டைக் கோடு வேறு. நிகழ்தகவு 1ஐத் தாண்டாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இதே தவறு. மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 40 வீடுகள். 18 வீட்டில் மாடு, 25 வீட்டில் கோழி. அவற்றில் 9 வீட்டில் இரண்டும் உண்டு. குருட்டாம்போக்கில் ஒரு வீட்டைத் தேர்ந்தால் அங்கே மாடு அல்லது கோழி இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 'அல்லது' கண்ணில் பட்டதும் கை தானாகக் கூட்டிவிடுகிறது. அந்த 9 வீட்டை மாட்டுக் கணக்கிலும் எண்ணியாயிற்று, கோழிக் கணக்கிலும் எண்ணியாயிற்று. ஒரு முறை கழித்துவிடுங்கள்: 34/40.

சிலர் பயந்துபோய் 9ஐ இரண்டு முறை கழித்து 25/40 என்கிறார்கள். அது ஏதாவது ஒன்றை மட்டும் வளர்க்கும் வீடுகளின் கணக்கு. இந்தக் குழப்பம் வீட்டுப் பேச்சிலிருந்து வருகிறது. "காப்பியா, மைலோவா?" என்று அம்மா கேட்டால் ஒன்றைத்தான் சொல்ல முடியும், இரண்டும் வேண்டும் என்றால் திட்டு விழும். கணிதத்தின் 'அல்லது' அப்படியில்லை. மாடு மட்டும், கோழி மட்டும், இரண்டும் என மூன்று வகை வீடும் அதற்குள் அடக்கம். சேர்ப்பு என்பது அதுதான். இரண்டும் உள்ள 9 வீடு வெட்டு.

சக ஆசிரியர்களே, "'அத்தாவ்' (மலாயில் 'அல்லது') வந்தால் கூட்டு, 'டான்' ('மற்றும்') வந்தால் பெருக்கு" என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பகடையில் 2 அல்லது 5 விழுவது போல, சேர்ந்து நடக்கவே முடியாத நிகழ்வுகளை மட்டும்தான் அப்படியே கூட்டலாம். பெருக்குவதற்கும் ஒன்று மற்றொன்றைச் சாராமல் இருக்க வேண்டும். இங்கே 18/40ஐயும் 25/40ஐயும் பெருக்கினால் 9/32 வரும். இரண்டும் உள்ள வீட்டுக்கு உண்மை 9/40. கேள்வியிலேயே இருக்கிறது!

பிள்ளைகளே, முதலில் இரண்டு வட்டம் போடுங்கள். நடுவில் 9ஐ எழுதுங்கள். அப்புறம் மாடு மட்டும் 9, கோழி மட்டும் 16, வெளியே 6. கூட்டினால் 40 வருகிறதா? சரி, இப்போது விடை எழுதுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

பெரியவர்களும் இதில் விழுகிறார்கள். கட்டணம் கட்ட வந்த ஓர் அப்பா நான்கு இலக்க எண் லாட்டரி எடுப்பவர். "டீச்சர், வாரம் மூணு தடவையும் ஒரே நாலு நம்பர்தான் எடுக்கிறேன். பத்தாயிரத்துல ஒன்னுதானே, விடாம எடுத்தா ஒரு நாள் கட்டாயம் விழும்ல?" என்றார். ஒரே குலுக்கலில் இரண்டு வெவ்வேறு எண் எடுத்தால் முதல் பரிசுக்கான வாய்ப்பு சரியாக 2/10,000. இரண்டும் சேர்ந்து முதலாவதாக வர முடியாது, அதனால் கூட்டலாம். வெவ்வேறு குலுக்கல்களை அப்படிக் கூட்ட முடியாது, ஒரே எண் இரண்டு நாளும் விழக்கூடும். ஒரு குலுக்கலில் விழாமல் போகும் வாய்ப்பு 9,999/10,000. அதை 10,000 முறை பெருக்கிக் காட்டினேன். சுமார் 0.37. வாரம் மூன்று குலுக்கல் என்றால் 10,000 குலுக்கலுக்குச் சுமார் 64 ஆண்டு. அத்தனை ஆண்டு எடுத்த பிறகும் ஒரு தடவைகூட முதல் பரிசு விழாமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அந்தக் காசை மகள் படிப்புக்கு வையுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வகுப்பில் இந்தக் கணக்கை அவர் மகளிடமே கொடுக்கப்போகிறேன், வீட்டில் அவளே போட்டுக் காட்டட்டும்.