இஞ்சின் கத்தினால் வயரைக் கழட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மீன்பிடிப் போட்டின் பின்னால் மாட்டுகிற நாற்பது குதிரைவலு இஞ்சின். இன்னொரு போட் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தது. மூடியைத் திறந்தேன். சூடு ஏறினால் கத்தி எச்சரிக்கிற பஸரின் வயர் கழட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போய் அசையவில்லை.

"சும்மா கத்திக்கொண்டு நிண்டது அண்ணை. தண்ணி நல்லா அடிச்சது, அதாலதான் கழட்டிவிட்டன்" என்றார் போட்டை ஓட்டிய தம்பி.

"தண்ணி அடிச்சது." இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இஞ்சினின் பக்கத்துத் துளையால் சீறுகிற தண்ணீர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கீழே இருக்கும் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அந்தத் தண்ணீர் சிலிண்டரையும் அதை மூடியிருக்கும் ஹெட்டையும் முழுதாகச் சுற்றி வந்ததா என்பதை அது சொல்லாது. பல மாடல்களில் அந்தத் துளைக்குப் போவது ஒரு சின்னக் கிளைப்பாதை. ஹெட்டுக்குள் உப்புக் கட்டி வழி சுருங்கியிருந்தாலும், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாட் திறக்காமல் இறுகியிருந்தாலும் கிளையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கிணற்றடி வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது என்பதற்காகக் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் போய்விட்டது என்று எந்தத் தோட்டக்காரராவது சொல்வாரா? இஞ்சினில் மட்டும் ஏன் அப்படி நம்புகிறீர்கள்? அலாரத்தின் சென்சர் ஹெட்டின் சூட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. உங்கள் கண் வெளியே விழும் தண்ணீரைப் பார்க்கிறது. இரண்டும் வேறு சொன்னால் சென்சரை நம்புங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. தண்ணீர் வரவில்லை என்றவுடன் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். துளை வாயில் மண்ணோ உப்போ அடைத்திருக்கலாம். இஞ்சினை நிறுத்திவிட்டுத் தடித்த தங்கூசித் துண்டொன்றால் குத்திப் பாருங்கள். கம்பியால் குத்தாதீர்கள்.

அலாரத்தோடு வேகமும் விழுந்தால் பலர் பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பிளக்கைக் கழட்டத் தொடங்குகிறார்கள். புதிய இஞ்சின்கள் சூடு ஏறினாலோ ஒயில் குறைந்தாலோ தாங்களாகவே சுற்றைக் குறைத்துவிடும். பல மாடல்களில் நிமிடத்துக்கு 2000, 3000 சுற்றுக்கு மேல் ஏறவே ஏறாது. அது பழுது இல்லை, இஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை.

சரி, கடலில் கத்தினால் என்ன செய்வது? உடனே வேகத்தைக் குறையுங்கள். எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். சூட்டு விளக்கென்றால் நியூட்ரலுக்கு வந்து, நிறுத்தி, இஞ்சினைத் தூக்கித் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். நம்முடைய கடல்நீரேரிகளிலும் பாக்கு நீரிணையின் ஆழம் குறைந்த பக்கங்களிலும் பத்துக்கு ஏழு தடவை அங்கே கடலில் வளரும் சாதாளையோ பொலித்தீன் பையோதான் ஒட்டியிருக்கும். இழுத்து எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அரைமணி நேரமாவது ஆறவிட்டுத்தான் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவசரப்பட்டு ஹெட்டில் வாளியால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

ஒயிலைத் தனியாக ஊற்றுகிற ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒயில் விளக்கு என்றால் கரை கிட்டத்தில் தெரிந்தாலும் அந்த நொடியே நிறுத்துங்கள். இஞ்சினை நேராக நிறுத்தி அளவுக்கம்பியைப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. சாவியைத் தொடவே வேண்டாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டாலும் ஓட்டக்கூடாது. உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஒயிலைக் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2022 ஆகஸ்ட்டில் இந்த இஞ்சின்களுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் ஒரேயடியாக 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது சிலர் ஒயிலில் மிச்சம் பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் கவலை. உங்கள் இஞ்சினில் கலவையில் ஒயில் குறைவு என்று கத்திச் சொல்ல ஒரு பஸரும் கிடையாது.

தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். இந்த இஞ்சின்களில் அது பெரும்பாலும் 50 முதல் 60 பாகை செல்சியஸுக்குள் திறக்கும். கார் இஞ்சினைவிட மிகக் குறைவு. கடல்நீர் அதற்கு மேல் சூடேறினால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படியும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் ஓடினால் இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், கரி பிடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும். சந்தேகமென்றால் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெலர் வெறும் றப்பர். தினமும் தொழிலுக்குப் போகிற இஞ்சினில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கரையில் தண்ணீரில்லாமல் "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்" என்று ஓட்டினால் சில விநாடிகளில் கருகும். மாற்றும்போது பழையதில் இறகு ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். (தம்பிமாரே, கராஜில் வேலை பழகுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) அந்தத் துண்டு மேலே போய்ப் பாதையை அடைத்து, புது இம்பெலர் போட்ட மறுநாளே அலாரம் கத்தும். அப்புறம் இம்பெலர் கூடாது என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

தொழில் முடிந்து வந்தால் நல்ல தண்ணீர் நிரப்பிய பரலில் இஞ்சினை இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

சோளகக் காற்றில் இஞ்சின் நின்ற போட் எந்தப் பக்கம் இழுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தியக் கடல் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனபின் பஸர் வயரைத் தேடிப் பயனில்லை. பல மாடல்களில் சாவியைத் திருப்பியவுடன் ஒரு 'பீப்' கேட்கும். நாளைக்குக் கரையை விட முன் அதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாடலில் அது கேட்கவேண்டியிருந்தும் கேட்கவில்லையென்றால், அல்லது நீங்களே முன்பு கழட்டியிருந்தால், இஞ்சினைக் கொண்டுவாருங்கள். வயரைத் திரும்ப மாட்டித் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.