மலைச்சரிவில் யார் நிலத்துக்கு முதலில் வரப்பு? நீர்வடிப்பகுதித் திட்டமும் அதன் மண் கணக்கும்

ஊட்டி பக்கம் கேரட் போடுகிறவர்களுக்கு மண் அரிப்பைக் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். ராத்திரி நல்ல மழை அடித்தால் காலையில் கிழங்கின் தலை மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். மண் அணைக்காமல் விட்டால் வெயில் பட்டு அந்த இடம் பச்சையாகிவிடும், மண்டியில் விலை குறையும். போன மண்ணில் கொஞ்சம் பாத்தியின் கீழ்க்கோடியில் தங்கும், மிச்சம் ஓடை வழியாக இறங்கிவிடும்.

இதைத் தடுக்க அரசுப் பணத்தில் வரப்பும் தடுப்பணையும் கட்டும் திட்டங்களில் பெரியது, பிரதம மந்திரி வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பிரிவு. நீர்வடிப்பகுதி என்றால், பெய்யும் மழை ஒரே ஓடைக்கு வடிந்து சேரும் நிலப்பரப்பு. 2009-10இல் வேறு பெயரில் தொடங்கியது, 2015-16இல் இந்தக் குடைக்குள் வந்தது. இப்போது ‘2.0’ என்று அழைக்கப்படும் கட்டத்தை 2021-22 முதல் 2025-26 வரைக்கும் வகுத்தார்கள். இலக்கு 49.5 லட்சம் ஹெக்டேர், மத்திய அரசின் பங்கு 8,134 கோடி ரூபாய். செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 பங்கு. வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு மட்டும் 90:10. நீலகிரி மலைதான், ஆனால் தமிழ்நாடு மலை மாநிலம் இல்லையே! அதனால் இங்கே 60:40தான்.

ஒரு ஹெக்டேருக்குச் சமவெளியில் 22,000 ரூபாய், கடினமான பகுதிகளில் 28,000 ரூபாய் வரை. கேட்க நல்ல தொகையாகத் தெரியும். ஏக்கருக்குப் பிரித்தால் 11,300 சொச்சம். நிர்வாகம், பயிற்சி, திட்ட அறிக்கை, வாழ்வாதார உதவி எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். செங்குத்துச் சரிவைப் படிக்கட்டு வயலாக வெட்டிக் கல் அடுக்க இது எந்த மூலைக்கு? எல்லார் நிலத்திலும் எல்லா வேலையும் நடக்காது. எந்தச் சரிவில் முதலில், எந்த வேலை என்று யாராவது வரிசை போட்டாக வேண்டும். மண் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரி (model) உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

மண் இழப்பைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரம் ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறை 1965இல் வெளியிட்டு, 1978இல் திருத்தியது. ஐந்து எண்களைப் பெருக்கினால் ஒரு ஹெக்டேரில் வருஷத்துக்கு எத்தனை டன் மண் போகும் என்று வரும். மழையின் அடி, மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே என்ன பயிர் மூடியிருக்கிறது, என்ன தடுப்பு வேலை செய்திருக்கிறது: இவைதான் அந்த ஐந்து. செயற்கைக்கோள் படத்தையும் உயர வரைபடத்தையும் வைத்துச் சின்னச் சின்னக் கட்டமாக இந்தப் பெருக்கலைச் செய்தால், அதிகம் அரிக்கும் இடம் சிவப்பாகவும் அரிப்பு குறைந்த இடம் பச்சையாகவும் தெரியும் வரைபடம் கிடைத்துவிடும். வேலைக்குப் பிறகு எண்களை மாற்றி இன்னொரு முறை பெருக்கினால், எவ்வளவு மண் மிச்சம் என்பதும் தெரியும்.

மழையை நாம் மாற்ற முடியாது, மண்ணையும் அவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியாது. மற்ற மூன்றில்தான் திட்டம் கை வைக்கிறது. சரிவின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் மண் இழப்பு நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகர்கிறது. 40 மீட்டர் சரிவில் 10 மீட்டருக்கு ஒன்றாக மூன்று வரப்பு போட்டால், கணக்குப்படி இழப்பு பாதியாகிறது. நடுவில் ஒரே வரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. ‘பேருக்கு ஒரு வரப்பு’ ஏன் உதவாது என்பது இதிலேயே தெரிகிறது.

அடுத்தது தடுப்பு வேலைக்கான எண். ஒன்றுமே செய்யாத நிலத்துக்கு 1, வேலை நன்றாக இருக்க இருக்க எண் குறையும். 25 சதவீதச் சரிவில் குறுக்காகப் பாத்தி பிடித்தால் சூத்திரத்தின் அமெரிக்கக் கையேடு 0.9 கொடுக்கச் சொல்கிறது, அதாவது பத்தில் ஒரு பங்குதான் லாபம். ஆனால் ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அதே 25 சதவீதச் சரிவில் உருளைக்கிழங்கு போட்டு அளந்தபோது கதை வேறாக இருந்தது. மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் ஹெக்டேருக்குச் சுமார் 39 டன். குறுக்காகப் பிடித்தால் 15 டன் அளவு. படிக்கட்டு வயலில் ஏறக்குறைய 1 டன். 39 டன் என்றால் நிலம் முழுக்கச் சுமார் 3 மில்லிமீட்டர் மண். குறுக்குப் பாத்தியின் பலன் கையேடு சொன்னதைவிட எத்தனை மடங்கு! உள்ளூரில் அளந்த எண்ணைப் போடாமல் புத்தக எண்ணைப் போட்டால், செலவே இல்லாத நல்ல வேலையைக்கூடக் கணினி மாதிரி ‘உதவாது’ என்று தள்ளிவிடும். திட்ட அறிக்கை தயாரிப்பவரிடம் ‘இந்த எண் எங்கே எடுத்தது?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாத விஷயமும் உண்டு. நிலத்தின் மேல் தகடு தகடாகவும் சிறு சால்களாகவும் போகும் மண்ணைத்தான் இது கணக்கிடும். நிலச்சரிவு இதில் வராது. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டுபோன மண், இந்தக் கணக்கில் ஒரு டன்கூட ஏறாது. ஒரு படி மேலே போய்ச் சொன்னால், ஆழமான மண் உள்ள செங்குத்துச் சரிவில் நீரை உள்ளே இறக்கும் அகழி வெட்டுவது நிலச்சரிவுக்கே வழி செய்யலாம். வரைபடத்தில் சிவப்பு என்பதற்காக எல்லா இடத்திலும் அகழி தோண்டக் கூடாது. அப்படிப்பட்ட செங்குத்துச் சரிவில் வேண்டியது நீரைப் பத்திரமாக வெளியேற்றும் வாய்க்கால்.

சரி, விவசாயிக்கு இதில் என்ன உரிமை? வேலையைச் செய்வது கிராம சபை அமைக்கும் நீர்வடிப்பகுதிக் குழு. சுய உதவிக் குழு, பயனாளர் குழு, பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டு. வேலை மலை உச்சியிலிருந்து கீழே இறங்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. மேலே வரப்பு இல்லாமல் கீழே தடுப்பணை கட்டினால் இரண்டு மழையில் தூர்ந்துவிடும். உங்கள் ஊரில் முதல் வேலையே ரோட்டோரத் தடுப்பணை என்றால் கிராம சபையில் காரணம் கேளுங்கள். 2.0இல் மலை ஊற்றுகளைப் புதுப்பிப்பதும் சேர்ந்திருக்கிறது. வற்றிப்போன ஊற்று இருந்தால் அறிக்கை எழுதும்போதே பெயரைச் சேர்த்துவிடுங்கள், அப்புறம் சேர்ப்பது கஷ்டம்.

சொந்த நிலத்தில் நடக்கும் மண், நீர் பாதுகாப்பு வேலைக்கு உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 5 சதவீதம். பணமாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம். இந்தத் தொகை நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியில் சேரும், திட்டம் முடிந்த பிறகு பராமரிப்புக்கு அதிலிருந்து எடுப்பார்கள். ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது: அந்த நிதி பொது இடத்து வேலைகளுக்கு மட்டும்தான். உங்கள் வயலின் வரப்பு உடைந்தால் செலவு உங்களுடையது. உடைந்ததை அப்படியே விட்டால் வரைபடத்தில் அந்தக் கட்டம் பச்சையாகவே இருக்கும், கேரட்டின் தலை மட்டும் மறுபடி வெளியே தெரியும்.