பழைய பீங்கான் கிண்ணத்தில் ரசம் ஊற்றலாமா?

இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனைச் சமையலறைகள் 1574இல் தீயில் எரிந்தன. கட்டடக் கலைஞர் மீமார் சினான் அவற்றை மறுபடி எழுப்பினார். அந்த அரண்மனையில் சேர்ந்த சீனப் பீங்கான்கள் பத்தாயிரத்துக்கும் மேல். சுல்தான்களின் விருந்துகளில் அவற்றில் பரிமாறவும் செய்தார்கள். செலடான் என்னும் இளம்பச்சைப் பீங்கான் தட்டில் விஷம் கலந்த உணவை வைத்தால் தட்டு நிறம் மாறிவிடும் என்றுகூட நம்பினார்கள்.

எந்தப் பீங்கானும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பழைய பீங்கான்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: சில தட்டுகளில் விஷம் அவற்றின் வண்ணத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூரின் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் நொன்யா பீங்கான்களை, அதாவது இங்குள்ள பெரனாக்கான் சீனக் குடும்பங்கள் பயன்படுத்திய பீங்கான்களை, பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் குழைத்து, பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் தீட்டியவை. சீனாவின் ஜிங்டெசென்னில் செய்யப்பட்டு, இங்கே திருமணங்களிலும் பண்டிகைகளிலும் புழங்கியவை. எவ்வளவு அழகு! நம்மவர்களும் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்டவற்றை ஆசையாக வாங்குகிறார்கள். அப்புறம் அதிலேயே ரசமும் எலுமிச்சை ஊறுகாயும் பரிமாறுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

நீல வெள்ளைப் பீங்கானில் கோபால்ட் நீலத்தைத் தீட்டி, மேலே மெருகு என்னும் கண்ணாடி போன்ற பூச்சைப் பூசி, சுமார் 1300 டிகிரி சூட்டில் சுடுவார்கள். நிறம் மெருகுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். பல வண்ணப் பீங்கானில் அப்படியில்லை. சுட்டு முடித்த மெருகின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி, 700, 800 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். அந்தக் குறைந்த சூட்டில் வண்ணம் உருகி ஒட்டுவதற்காக ஈயம் சேர்ப்பது வழக்கம். புளியும் எலுமிச்சையும் தயிரும் அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் இறக்கும். வண்ணம் தேய்ந்த பழைய கிண்ணத்தில் ஆபத்து இன்னும் அதிகம். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வண்ணம் மேடு தட்டினால் அது பெரும்பாலும் மெருகின் மேல் தீட்டியதுதான். மேடு தெரியாவிட்டாலும் பயமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மிகவும் கெடுதல். கடையில் விற்கும் சோதனைக் குச்சி 'இல்லை' என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். இத்தனை நாளும் அதிலேயே சாப்பிட்டு வந்தோமே என்றால், மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

சரி, அதற்காகத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டவே வேண்டாம். கண்ணாடி அலமாரியில் வையுங்கள். தங்கப் பூச்சு இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும். உடைந்தால் சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள். சில்லுகளை ஒவ்வொன்றாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, பீங்கான் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.