சிகை அலங்கார நிலையமா, முடிதிருத்தகமா?

சவரக்கடையை ஆண்கள் கூடிப் பேசும் இடமாக விவரிக்கும் கட்டுரை ஒன்றை அண்மையில் மொழிபெயர்ப்பில் படித்தேன். முடி வெட்டிக்கொள்ள வந்தவரும் வெறுமனே வந்தவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற அந்த இடத்தை, மொழிபெயர்ப்பாளர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 'சிகை அலங்கார நிலையம்' என்றே எழுதியிருந்தார். இதே தொடரைப் பலமுறை பொறுத்துக்கொண்டிருக்கிறேன், இம்முறை இயலவில்லை.

அந்த இடத்துக்கு நம் பேச்சில் வழங்கும் சலூன் என்பதன் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இத்தாலிய மொழியில் 'சாலா' என்றால் கூடம், 'சலோனே' என்றால் பெருங்கூடம். அது பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தது. அதன் வேரில் முடியும் இல்லை, கத்திரியும் இல்லை. பலர் கூடுவதற்கான இடம் மட்டுமே இருக்கிறது. பண்டைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் சவரக்கடைகளை 'மதுவில்லாத விருந்து' என்று அழைத்ததாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருப்பதால், கத்தியும் பேச்சும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அன்றே வழக்கம்தான்.

இனி அந்த 'நிலைய'த்துக்கு வருவோம். சிகை என்பது குடுமியை, உச்சிமுடியைக் குறித்த சொல். காதோரம் வளர்ந்த முடியைக் குறைத்துக்கொள்ளவும் தாடியை மழித்துக்கொள்ளவும் வருகிறவருக்கு அதில் என்ன வேலை? அலங்காரம் மணமகளுக்கும் மேடையேறும் நடிகருக்கும் பொருந்தும், மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்பவருக்குப் பொருந்தாது. சலூன் அயற்சொல் என்று விலக்கியவர்கள் அந்த இடத்தில் வைத்த சிகையும் அலங்காரமும் ஐயத்துக்கு இடமில்லாத வடசொற்கள் என்பதை ஏனோ கவனிப்பதில்லை. நிலையம் வடமொழி 'நிலய'த்திலிருந்து வந்ததா, தமிழ் 'நிலை'யிலிருந்து வந்ததா என்று வேண்டுமானால் வாதிடலாம். எப்படியிருந்தாலும், காவல் நிலையம், பேருந்து நிலையம் என்று பழகிய காதுக்கு அது வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய இடமாகவே ஒலிக்கிறது. அரட்டைக்கு அங்கே பெஞ்சு கிடையாது.

முடிதிருத்தகம் இதைவிடப் பல மடங்கு நல்ல சொல். நிலத்தைத் திருத்துகிறோம், பிழையைத் திருத்துகிறோம்; அதே வினை முடிக்கும் அளவாகப் பொருந்துகிறது. அகம் என்றால் வீடு என்ற பொருளும் உண்டென்பதால், உட்கார்ந்து பேசவும் அதில் இடம் இருக்கிறது. பெயர்ப்பலகைக்கும் கட்டுரைக்கும் இதுவே போதும்.

கதையில் வரும் உரையாடலுக்கு மட்டும் 'கடை' என்பதை விட்டுவிடக் கூடாது என்பேன். கடைக்கு வாயில் என்ற பழம்பொருள் உண்டு. 'பிறன்கடை நின்றார்' என்று குறள் சொல்வது பிறன் வீட்டு வாயிலில் நின்றவரைத்தான். வாயிலில் நின்று பேச்சுக் கொடுத்து, பிறகு உள்ளே வந்து உட்காருகிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. முடிவெட்டும் கடை, சவரக்கடை, ஏன், சலூன்கடை என்றுகூட எழுதலாம். 'சிகை அலங்கார நிலையத்துக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் மனிதரை நான் இதுவரை மொழிபெயர்ப்புகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.