சைனஸ் அறுவைக்குப் பிறகு மது: கதவருகில் நின்று கேட்கப்படும் கேள்வி

எண்டோஸ்கோப் மூலம் சைனஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வருவார். மனைவி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே சென்றதும், கதவருகில் நின்று தாழ்ந்த குரலில், "எப்ப டாக்டர் எடுத்துக்கலாம்?" என்பார். எதை என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

குறைந்தது 2 வாரங்களுக்கு ஒரு சொட்டும் கூடாது என்பதே என் பதில். அதன் பிறகும், மாத்திரைகள் முடிந்து, மூக்கின் உட்புறம் ஆறிவிட்டதாக அறுவை செய்த மருத்துவர் பார்த்துச் சொன்ன பின்னரே அதைப் பற்றி யோசிக்கலாம். முகத்தில் தையலோ கட்டோ இல்லாததால் எல்லாம் ஆறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உள்ளே சதையை நீக்கிய இடங்கள் பொருக்குத் தட்டிய பச்சைப் புண்ணாகவே இருக்கின்றன, அவற்றின் மேல் சவ்வு முழுமையாக வளர 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். மது இரத்தக் குழாய்களை விரியச் செய்வதோடு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையையும் மந்தமாக்குகிறது.

திருமண வரவேற்பு ஒன்றில் "ரெண்டே பெக்" எடுத்துக்கொண்ட ஒருவர், அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் நள்ளிரவில், நனைந்த துண்டை மூக்கில் அழுத்தியபடி வந்து சேர்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே வந்ததால் இரத்தத்தை விழுங்கி வாந்தி எடுத்திருந்தார். வாந்தியின் அழுத்தம் கசிவை இன்னும் கூட்டியிருந்தது. முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரத்தம் நிற்க மூக்கினுள் வைத்து அடைக்கும் 'பேக்'கை, ஒருமுறை எடுத்த பிறகும் மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று, அது அறுவையை விடவும் வலித்தது என்று அவரே சொன்னார்.

"பீர்தானே" என்போருக்கு ஒரு கணக்கு: 8 சதவீத பீர் 650 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 40 கிராம் தூய ஆல்கஹால் உண்டு, 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 60 கிராம். சளிக்குப் பிராந்தி நல்லது என்ற வீட்டு வைத்தியமும் இந்த மூக்குக்குப் பொருந்தாது. சதை வளர்ந்த மூக்கு உள்ளவர்களில் பலருக்கு மது குடித்தவுடனேயே மூக்கடைப்பு கூடுகிறது.

மாத்திரைகளைத் தனியே சொல்ல வேண்டும். வலிக்குத் தரும் டிரமடாலும், அலர்ஜிக்குத் தரும் சில மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் தூக்கத்தை ஆழமாக்கி மூச்சை மந்தப்படுத்தும்; மூக்கடைப்போடு வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுபவருக்கு இது உண்மையான ஆபத்து. பாராசிட்டமாலோடு கல்லீரலுக்கும், ஸ்டீராய்டோடு இரைப்பைக்கும் கேடு.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. கடும் தலைவலி, வாந்தி, கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், மூக்கிலிருந்து தண்ணீர் போன்ற திரவம் சொட்டுதல் ஆகியவை கண்ணிலோ மூளை உறையிலோ ஏற்பட்ட சிக்கலின் அறிகுறிகளாக இருக்கலாம். குடித்திருந்தால் வீட்டார் "போதைதான், காலையில் சரியாகிவிடும்" என்று படுக்கவைத்துவிடுவார்கள்.

தினமும் குடிப்பவர் அறுவைக்காகத் திடீரென நிறுத்துவதும் பாதுகாப்பானதல்ல. ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு மூன்று நாள்களில் குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். இதில் எங்கள் தவறும் உண்டு, குடும்பத்தார் எதிரில் "பழக்கம் உண்டா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். இப்போது நான் தனியாக, "கடைசியாக எப்போது, எவ்வளவு?" என்று கேட்கிறேன். அண்மையில் ஒருவர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி டாக்டர், ஒரு ஆஃப். தினமும் அவ்வளவுதான்" என்றார். அவசர அறுவை அல்ல என்பதால் தேதியைத் தள்ளிவைத்து, முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்பினோம்.