மூடியைத் திறக்கத்தான் இத்தனை பாடு

செயற்கைக்கோளின் எரிபொருள் வால்வை ஏவுவதற்கு முன் மூடினால் மூடியதுதான். ஹைட்ரசின் என்ற எரிபொருளை நிரப்பியதும் வால்வின் மேல் ஒன்றுக்கு இரண்டாக மூடி போடுவார்கள். ராக்கெட்டின் அதிர்வில் அவை கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டி, மேலே வெப்பக்காப்புப் போர்வையை ஒட்டிவிடுவார்கள். எவரும் திரும்ப வந்து திறப்பார்கள் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் கிடையாது.

எரிபொருள் தீர்ந்தபின் விண்வெளியிலேயே அதைத் திறந்து மறுபடி நிரப்ப முடியுமா என்று பார்க்க, நாசாவின் கோடார்ட் மையம் 2011 ஜூலையில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சலவை இயந்திரம் அளவுள்ள ஒரு பெட்டியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அதில் அசல் வால்வு, மூடிகள், கம்பிகள், கூடவே நான்கு கருவிகள். அவற்றைப் பிடித்து இயக்கியது நிலையத்தின் வெளியே இருக்கும் கனடாவின் டெக்ஸ்டர் ரோபோ. ஒவ்வொரு கருவியிலும் இரண்டு கேமராக்கள், எல்இடி விளக்குகள். பளபளக்கும் போர்வையில் வெயில் பட்டால் கேமராவுக்குக் கண் கூசும். நிலையம் பூமியின் நிழலுக்குள் போனால் கும்மிருட்டு. கருவிக்கென்று சொந்த வெளிச்சம் இல்லாமல் காரியம் நடக்காது.

கம்பியை வெட்டுவதுதான் கண்டம். தடிமன் அரை மில்லிமீட்டர். கருவியின் கொக்கியை அதன் அடியில் நுழைக்கச் சில மில்லிமீட்டர் இடம்தான். நீண்ட ரோபோக் கை கொஞ்சம் வளையும். கொக்கி எங்காவது இடித்து நின்றபின்னும் கையை நகர்த்தினால் விசை வில்போலச் சேர்ந்து, சட்டென்று வழுக்கிப் பாயும். ஆகவே கொஞ்சம் நகர்த்து, விசை உணரியின் அளவைப் பார், இறுக்கத்தைத் தளர்த்து, மறுபடி நகர்த்து என்றுதான் போக வேண்டும். வெட்டிய துணுக்கும் கழற்றிய மூடியும் கைநழுவினால் அவையே விண்குப்பை. அதனால் கழற்றும் கருவியே மூடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான்காவது கருவி குழாயை வால்வில் பொருத்தித் திறக்கும். 2013 ஜனவரியில் ஹைட்ரசினுக்குப் பதிலாக 1.7 லிட்டர் எத்தனால் இந்த வழியாக ஏறியது. வேலை முடிந்ததும் வால்வின் மேல் எளிதில் மாட்டிக் கழற்றும் இணைப்பு ஒன்றை விட்டுவிட்டு வரும். அடுத்த முறை இத்தனை பாடு இல்லை.

ஹைட்ரசின் எத்தனாலைப் போலச் சாது இல்லை. கொடிய நச்சு, சுமார் 2 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும், குழாய்க்குச் சூடு வேண்டும். வேகமாகப் பாய்ச்சினால் குழாய்க்குள் இருக்கும் ஆவி திடீரென்று அழுத்தப்பட்டுச் சூடேறி, வெடிப்பாகச் சிதையவும் கூடும். அவசரமே ஆகாது.

இந்தக் கருவிகளின் வாரிசுகளைக் கொண்டு லேண்ட்சாட் 7 என்ற செயற்கைக்கோளுக்கு எரிபொருள் நிரப்பவிருந்த ஓசாம்-1 திட்டத்தை 2024இல் நாசா கைவிட்டது. செலவும் தாமதமும் ஒருபுறம். மறுபடி நிரப்புவதற்கென்று வடிவமைக்கப்படாத செயற்கைக்கோள்களைத் திறக்கும் முயற்சியிலிருந்து துறையே விலகிவருகிறது என்பது நாசா சொன்ன இன்னொரு காரணம்.

வால்வைத் தொடாமலே ஆயுளை நீட்டிய வழியும் உண்டு. 2020 பிப்ரவரி 25 அன்று எம்இவி-1 என்ற விண்கலம் இன்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைப் பின்னாலிருந்து நெருங்கியது. கோளின் எஞ்சின் முனைக்குள் ஒரு தண்டை நுழைத்து, குறுகிய கழுத்தைத் தாண்டியதும் தண்டின் நுனியை விரித்து, கோளைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொண்டது. அதன்பிறகு கோளை நிலைநிறுத்தும் உந்துவிசை எம்இவியின் சொந்த எரிபொருளிலிருந்தே கிடைத்தது.